இரண்டாவது கேள்வி

உன் ஆஸ்பத்திரிப் பை இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. போன மாதம் அதை எடுத்துத் திறந்தேன். குமட்டலுக்கு நீ போட்டு வைத்திருந்த கிராம்பின் வாசனை வந்தது. மூன்று வருஷம் மூடிக் கிடந்தும் அது போகவில்லை. பையை மூடிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வந்து மறுபடி திறந்தேன்.

திறந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் படிக்க வந்துவிட்டது.

நீ நம்பமாட்டாய். நம் தெரு முனைப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. படிக்க வேண்டும் என்று நான் போகவில்லை. ஆறு மணிக்கு வீடு ரொம்ப அமைதியாகிவிடும். மகள் பெங்களூரிலிருந்து வாரத்தில் ஒரு நாள் போன் பண்ணுகிறாள், மற்ற நாளில் நான் பேசினால் சுவர்தான் கேட்கும். அங்கே போனால் நாலு பேர் பேசுகிற சத்தமாவது காதில் விழும் என்று போனேன். எல்லாரும் பெண்கள். ஆம்பளை நான் ஒருவன்தான். பெஞ்சு சின்னப் பிள்ளைகளுடையது, முழங்கால் உள்ளே நுழையாது. பக்கவாட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். 'ஞ' எழுத்து வசப்பட எனக்குப் பத்து நாள் ஆயிற்று. அதன் பிறகு ஒரு நாள் பைபாஸில் நின்றபோது ஒரு பஸ்ஸின் நெற்றியில் விரிஞ்சிபுரம் என்று இருந்ததைப் படித்தேன். 'விரிஞ்சி' வரைக்கும் படிப்பதற்குள் பஸ் போய்விட்டது. நான் ஏற வேண்டிய பஸ்தான். எனக்குக் கோபமே வரவில்லை. அடுத்த பஸ்ஸில் மிச்சத்தைப் படித்தேன். இப்போது பிஸ்கட் பாக்கெட், சுவரொட்டி, தீப்பெட்டி என்று எதையும் விடுவதில்லை. கண்ணில் பட்டால் நின்று படித்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

போன மாதம் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் அச்சடித்த தாள் எது இருந்தாலும் கொண்டு வந்து, எழுந்து நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். மற்றவர்கள் கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை என்று கொண்டு வந்தார்கள். நம் வீட்டில் தாள் அதிகமாக இருப்பது உன் பையில்தான். அதில் ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கொடுக்காமல் நின்றுபோன தாள் ஒன்று இருந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும். தினமும் சாயங்காலம் நீ எண் சொல்ல நான் வட்டம் போட்ட தாள். தமிழில் இருக்கிறதே, பெரிய எழுத்தாகவும் இருக்கிறதே என்று அதை எடுத்துப் போனேன். வட்டத்தை எல்லாம் நான் பார்க்கவில்லை. எழுத்தைத்தான் பார்த்தேன்.

எழுந்து நின்று படித்தேன். "இன்று உங்களுக்கு எவ்வளவு அசதி இருந்தது? சுழியம் என்றால் அசதி இல்லை. பத்து என்றால் தாங்க முடியாத அசதி." ஒரு இடத்திலும் தட்டவில்லை. எனக்கே சந்தோஷமாக இருந்தது, குரலைக் கூட்டினேன். "இன்று உங்கள் வாழ்க்கை மொத்தத்தில் எப்படி இருந்தது? சுழியம் என்றால் மிக மோசம். பத்து என்றால் மிக நன்று."

கை தட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். படித்தது என் காதுக்குள் அப்போதுதான் இறங்கியது. பத்து என்றால் மிக நன்று.

பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "இன்னா தாத்தா, பாஸானதுக்கு யாருனா அழுவாங்களா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். தூசி விழுந்துவிட்டது என்று சொல்லி, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? அன்று ஆரம்பித்து தினமும் ஒரு பக்கம் எழுதுகிறேன். சில நாள் அரைப் பக்கம்தான் வருகிறது.

உன் புற்றுக்கட்டிக்குக் கரண்ட் வைத்து முடித்து, ஊசி மருந்து ஆரம்பித்த சமயம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நம்மை ஒரு சிஸ்டர் உள்ளே கூப்பிட்டாள். கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். "அம்மா, கட்டி எவ்ளோ சுருங்குச்சின்னு மிஷின் சொல்லிடும். நீங்க எவ்ளோ அசந்து போறீங்க, உங்க நாள் எப்டி போவுதுன்னு மிஷினுக்குத் தெரியாது. அத நீங்கதான் சொல்லணும். அதப் பத்திதான் நாங்க ஆராய்ச்சி பண்றோம்" என்றாள்.

"எங்களக் கேட்டு இன்னாம்மா தெரிஞ்சிக்கப் போற?" என்றாய்.

"உங்களுக்கப்புறம் வர்றவங்களுக்கு ஒதவும்மா."

நீ என் பக்கம் திரும்பி, "கேட்டியாய்யா? நான் அசந்து போய்ப் படுத்தாக்கூட ஊருக்கு லாபமாம்" என்றாய். சிஸ்டர் சிரித்துவிட்டாள். அசதி எப்படி இருக்கிறது, தூங்கி எழுந்தால் போகிறதா என்று கேட்டாள். நீ கொஞ்சம் யோசித்தாய். "எங்க வூட்டுக்காரரு தோல் ஷெட்டுல இருந்தவரு. சுண்ணாம்புக் குழியிலேர்ந்து தோல வெளிய எடுப்பாங்க பாரு, தண்ணி சொட்டச் சொட்ட. அத ஒண்ணு எம்மேல போட்டுட்டு, எந்திரி எந்திரின்னா எப்டி எந்திரிக்கறது? தூங்கினாலும் அது மேலயேதான் இருக்குது" என்றாய். சிஸ்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

தோல் பதனிடும் ஷெட்டில் அந்தத் தோலை எத்தனை வருஷம் தூக்கியிருக்கிறேன். இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினாலும் வழுக்கிக்கொண்டு கீழே இழுக்கும். உன் அசதி அப்படிப்பட்டது என்று எனக்கு அந்த அறையில்தான் தெரிந்தது. அதுவரைக்கும் கொஞ்சம் எழுந்து நடந்தால் சரியாகிவிடும் என்று உன்னை விரட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு சிஸ்டர் என்னை டீ குடித்துவிட்டு வரச் சொன்னாள். புருஷன் பக்கத்தில் இருந்தால் பெண்கள் எதையும் கம்மியாகச் சொல்லுவார்களாம். நான் திரும்பி வந்தபோது கேள்வியெல்லாம் உனக்கு விளக்கி முடித்திருந்தாள். "ஐயா, அம்மாவுக்கு வெரலு மரத்துப் போச்சு, பேனா நிக்கல. வூட்ல அவங்க சொல்ற நம்பருக்கு நீங்க வட்டம் போடுவீங்களா? எப்டின்னு ஒருவாட்டி உங்களுக்கும் சொல்லிடட்டுமா?"

நான் தாளை வாங்கினேன். கண்ணை மேலும் கீழும் ஓட்டினேன். "வேணாம்மா. அதான் போட்டுருக்குதே" என்றேன்.

எனக்கு எழுத்து தெரியாது என்று உனக்குத் தெரியும். நீ காட்டிக் கொடுக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, "மேல இருக்கறது அசதி. கீழ இருக்கறது நாள் எப்டிப் போச்சின்னு. அவ்ளோதான்யா" என்றாய். எண் தெரியும் என்றேன். எண் எனக்கு நன்றாகத் தெரியும்.

என் தப்பு அங்கேதான் இருந்தது. ஷெட்டில் நான் பார்த்த கடைசி வேலை, தோலைத் தரம் பிரிக்கும் மேஜைக்குப் பக்கத்தில். மேஸ்திரி தோலை விரித்துத் தடவிப் பார்த்து எண் சொல்லுவார், நான் அந்த அடுக்கில் கொண்டு போய்ப் போடுவேன். ஒன்று என்றால் கீறல் இல்லாத தோல். இரண்டு என்றால் கொஞ்சம் கம்மி. எண் ஏற ஏறத் தோல் மோசம். ஆறுக்கு மேல் போனால் கழித்துத் தள்ளிவிடுவார்கள். என் தலைக்குள் எண் என்றால் அப்படித்தான் ஏறும். மேல் கேள்வியும் அதற்கு ஒத்துப் போயிற்று, எண் கூடினால் அசதி கூடுதல். அப்படியானால் கீழ்க் கேள்வியும் அதே மாதிரிதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

முதல் தாளின் முதல் நாள். ஷூ கம்பெனியில் உன்னோடு தையல் லைனில் இருந்த மும்தாஜும் இன்னும் இரண்டு பேரும் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார்கள். துப்பட்டாவில் எல்லாம் நூல் பிசிறு. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சூப்பர்வைசரைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே வருவதும் போவதுமாக இருந்தேன். மும்தாஜ் என்னைப் பார்த்து, "அண்ணா, நீ இன்னா இங்க வாட்ச்மேனா? எங்க தோஸ்த்த நாங்க தூக்கினு ஓடிட மாட்டோம். போ, டீ போடு" என்றாள். போட்டுக் கொடுத்தேன். அவர்கள் போனதும் நீ துணி மாதிரி சரிந்து படுத்தாய். கண்ணைத் திறக்க முடியவில்லை உன்னால். நான் பேனாவை எடுத்தேன்.

"மேல இன்னா?"

"எட்டு."

"கீழ?"

"ஒம்போது."

கண்ணை மூடியபடியே சொன்னாய். எங்கள் ஷெட்டில் ஒன்பது என்று ஒரு எண்ணே கிடையாது.

நான் கேட்டிருக்கலாம். ஏம்மே, நம்ம வாழ்க்கை அவ்வளவு மோசமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ அன்றைக்கே என் தலையில் குட்டி, சரியாகச் சொல்லிக் கொடுத்திருப்பாய். கேட்கவில்லை. நாற்பது வருஷம் என்னோடு இருந்தவள் வாய்விட்டு ஒன்பது என்கிறாள், இதற்கு மேல் என்ன கேட்பது என்று வட்டத்தைப் போட்டேன். மறுநாளும் எட்டு, ஒன்பது. அதற்கு மறுநாள் ஏழு, ஒன்பது. "இன்னாய்யா மூஞ்சத் தூக்கி வச்சினு இருக்க?" என்று கேட்டாய். ஒன்றும் இல்லை என்றேன். அந்த ஒன்பதை ஆஸ்பத்திரியில் எல்லாரும் படிப்பார்களே என்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

அந்தத் தாளைக் கொடுத்த அன்று சிஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது. "பரவால்லியேம்மா, இவ்ளோ அசதியிலயும் இப்டி இருக்கீங்களே" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பெண்ணும் என் வீட்டைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த தாளை அவள் கொடுத்தபோது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். அந்த மூன்று பேரும் தினமும் வருகிறார்கள், மணிக்கணக்காகப் பேசுகிறார்கள், இருக்கிற கொஞ்ச தெம்பையும் உறிஞ்சிவிட்டுப் போகிறார்கள். உடம்பு அசந்தால் மனசு எப்படி நல்லா இருக்கும்? அவர்களை நிறுத்தினால் இரண்டு எண்ணும் இறங்கும். என் தோல் மூளைக்கு இது ரொம்ப சரியாகப் பட்டது.

அன்று முதல் ஐந்தரை மணிக்கே நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்தேன். கதவைச் சாத்திவிடுவேன். முதல் நாள், "தூங்குறா" என்றேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள், "டாக்டரு யாரும் பாக்கக் கூடாதுன்னுட்டாரு" என்றேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

"எங்களயுமா?" என்றாள் மும்தாஜ்.

"உங்களத்தான்."

அவள் கையில் எலுமிச்சங்காய் ஊறுகாய் பாட்டில் இருந்தது. உன் நாக்குக்கு எதுவும் ருசிக்கவில்லை என்று போட்டு எடுத்து வந்திருக்கிறாள். அதை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். உள்ளே வந்தேன். "யாருய்யா வெளிய?" என்றாய். "கேபிள்காரன்" என்றேன். ஊறுகாயைச் சமையல் மேடைக்குப் பின்னால் வைத்தேன். நீ போன பிறகுதான் அது மறுபடி என் கண்ணில் பட்டது.

எண் இறங்கியது. மேலே ஆறு வந்தது, ஐந்து வந்தது. கீழே ஆறு, நாலு, மூன்று. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். நான் உன்னைத் தேற்றிக்கொண்டு வருகிறேன் என்று நினைத்தேன். மருந்தால் முடியாததை ஒரு நாற்காலியைப் போட்டு நான் முடித்துவிட்டேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாய். ஆறு மணி ஆனால் தலையைக் கொஞ்சம் தூக்கிக் கதவைப் பார்ப்பாய். நான் அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள், "கீழ இன்னா?" என்று கேட்டேன்.

"ரெண்டு."

"பரவால்லியே" என்று சிரித்தேன். சந்தோஷத்தில் உன் தலையைத் தடவிக்கூட விட்டேன்.

நீ மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். என்ன என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாய். இந்த ஒரு மாதமாக அந்தப் பார்வை என்னோடு சாப்பிடுகிறது, என்னோடு படுக்கிறது. என் நாள் நரகமாகப் போயிற்று என்று ஒருத்தி சொல்கிறாள், கேட்டுவிட்டுப் புருஷன் சிரிக்கிறான். நீ என்ன நினைத்திருப்பாய்?

தாளில் அந்த இரண்டுகளுக்கு நடுவே ஒரு நாள் மட்டும் தனியாக நிற்கிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை, ரேஷன் கடை திறந்திருந்தது. சுண்ணாம்பில் கிடந்த என் விரலில் ரேகையே கிடையாது. மிஷினில் ஒவ்வொரு விரலாக வைத்து, துடைத்து, மறுபடி வைத்து, அது ஒத்துக்கொள்வதற்குள் பாதி நாள் போய்விடும். அரிசியைத் தூக்கிக்கொண்டு தெரு திரும்பும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. உன் கட்டில் வெளியே கிடந்தது. மூன்று பேரும் இருந்தார்கள். மும்தாஜ் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாய். மூச்சு வாங்கியது உனக்கு.

"கொல்லப் பாக்கறீங்களா அவள?" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. மும்தாஜ் துண்டை அவிழ்த்து, நாலாக மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு உன் சாவுக்குத்தான் வந்தாள். என்னிடம் பேசவில்லை.

அன்று சாயங்காலம் நீ பேசவே தெம்பில்லாமல் கிடந்தாய். நான் பேனாவை எடுத்தேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே, "ரெண்டுமே பத்துய்யா" என்றாய். இரண்டுமே என்று அழுத்திச் சொன்னாய். பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்று எனக்கு ஆத்திரம். நான் போட்ட வட்டம் அந்த இடத்தில் தாளைக் கிழித்திருக்கிறது. கோபத்தில் போட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கீழே இரண்டு. வேறு எண்ணே இல்லை. தாள் முடிய நாலு நாள் இருக்கும்போது உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அந்த நாலு வரியும் காலியாக இருக்கின்றன.

வகுப்பில் படித்த மறுநாள் மும்தாஜ் வீட்டுக்குப் போனேன். மூன்று வருஷமாக அந்தச் சந்தில் நான் கால் வைத்ததில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து வந்த துண்டுகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். தலை தூக்கிப் பார்த்தாள்.

"இன்னா, வாட்ச்மேன் ட்யூட்டிய மாத்திக்கினாரா?"

நான் உட்கார்ந்து தாளைப் பிரித்தேன். இரண்டாவது கேள்வியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். வட்டங்களைக் காட்டினேன். நான் எப்படி நினைத்துக்கொண்டேன் என்பதையும் சொன்னேன். டாக்டர் சொன்னதாகச் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"நீயா படிச்ச இத?"

"நான்தான்."

"அடப்பாவி" என்றாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். "பொய்யின்னு அவளுக்குத் தெரியும்ண்ணா. உன் குரல் இன்னா சின்னக் குரலா? நீ வாசல்ல பேசறது அவளுக்கு உள்ள நல்லா கேக்கும். கேபிள்காரன்னு சொன்னியாமே, அத சொல்லிச் சொல்லிச் சிரிச்சா."

"அப்ப அன்னிக்கி?"

"அவதான் போன் பண்ணா. ஞாயித்துக்கெழம அந்தாளு ரேஷனுக்குப் போவான், அவன் ரேக மிஷின்ல வுழாது, சீக்கிரத்துல வர மாட்டான், வாங்கடின்னா. நாங்க வந்தோம். உன்ன மாதிரி பேசிக் காட்டச் சொன்னா. டாக்டரு யாரும் பாக்கக் கூடாதுன்னுட்டாருன்னு நான் சொல்லச் சொல்ல, இன்னொருவாட்டி, இன்னொருவாட்டின்னு கேட்டா."

நான் சிரித்துவிட்டேன். மும்தாஜும் சிரித்தாள். பிறகு அவள் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய். 'ரெண்டுன்னு சொன்னா அந்தாளு சிரிக்கிறான்டி. மொதல்ல பக்குனு ஆச்சு. அப்பறம்தான் புரிஞ்சிது, தலகீழாப் புரிஞ்சினு இருக்கான்.' எடுத்துச் சொல்லேன் என்று இவள் கேட்டிருக்கிறாள். 'சொன்னா, கதவச் சாத்தி இன்னா பண்ணிட்டோம்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். தாங்க மாட்டான். நான் போனப்பறமும் அவன் தனியா இருக்கணுமில்ல' என்றாயாம்.

"நீ வந்து கத்தினியே, அன்னிக்கி சாயங்காலமும் போன் பண்ணா" என்றாள் மும்தாஜ். "சந்தோசத்துல பத்துன்னு ஒளறிட்டேன்டி, மூஞ்சு செத்துப் போச்சு அவனுக்கு, இனிமே ரெண்டுதான்னு சொன்னா."

வீட்டுக்கு வந்து தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் வாழ்க்கைக்கு நீ போட்ட மார்க் இதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட முதல் தாளில் ஒன்பது. அசதி எட்டாக இருந்தபோதும் ஒன்பது. நான் உன் அசதியைக் குறைத்து, வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன். இதைத்தானே அந்தப் பெண் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தாள். இந்தத் தாள் இப்படியே பையில் கிடந்தால் உனக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. அப்படியே கொண்டு போய்க் கொடுத்தால், நோயால்தான் உன் நாள் கெட்டுப்போயிற்று என்று எழுதிக்கொள்வார்கள். இரண்டும் சரியில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த சிஸ்டரைத் தேடிக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. ஆனால் யாரிடமும் வழி கேட்கவில்லை, போர்டுகளைப் படித்துக்கொண்டே போனேன். அவள் இப்போது வேறு கட்டடத்தில் இருக்கிறாள். என்னை அடையாளம் தெரியவில்லை. ஈரத்தோல் என்றதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அந்த அம்மாவா? புதுசா வர்ற சிஸ்டருங்களுக்கு அசதின்னா இன்னான்னு சொல்லித் தரும்போது அவங்க சொன்னதத்தான் ஐயா நான் சொல்றேன்."

தாளைக் கொடுத்தேன். ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்றாள். ஆனாலும் தாள் உன் ஃபைலில் இருக்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டாள். விரலால் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் நெற்றி சுருங்கியது. "அசதி கொறஞ்சிருக்கு. அப்ப நாள் மட்டும் ஏன் ஐயா இப்டி எறங்கிப் போச்சு? இன்னா நடந்துச்சி?"

"அத நானே எழுதறேம்மா" என்றேன்.

தாளின் அடியில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தச் சொல்லை நானே படித்து வைத்திருந்தேன். அவள் பேனா கொடுத்தாள். நடுவில் யாரோ கூப்பிட்டதற்கு, கொஞ்சம் இருங்கள் என்றாள். நான் எழுதி முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். எழுதினது இதுதான்: "இவரைப் பார்க்க வந்த தோழிகளை நான் திருப்பி அனுப்பினேன். அதனால் எண் இறங்கியது. நோயால் அல்ல. பத்து போட்ட நாள் அவர்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு உள்ள இரண்டு எல்லாம் இவர் என் சந்தோஷத்துக்காகச் சொன்னது. இவருடைய கணவன்."

சிஸ்டர் படித்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தாள். என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. பத்து போட்ட வரியில் விரலை வைத்து, "இது வரைக்கும் அம்மா சொன்னது. இத நான் எடுத்துக்கறேன் ஐயா" என்றாள். அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்தாள். "இதுக்கு அப்பறம் இருக்கறது ஆராய்ச்சிக்கு ஆவாது."

ஆகாதுதான். அவை ஆராய்ச்சிக்குச் சொன்னவை இல்லை. எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தபோது, நான் பேனாவை எடுத்ததும் நீ சொன்னாயே, ரெண்டு, ரெண்டு, ரெண்டு என்று, நான் சிரிக்க வேண்டும் என்று சொன்னாயே, அவை எனக்குச் சொன்னவை. அவற்றை நான் வைத்துக்கொண்டேன்.